தறிவேலையும் வீட்டு வாழ்வும்

நம் அங்கத்தினர்களுள் பெரும்பாலோர்க்கு வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் இடமும் ஒன்றே. கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணி வழியாக ஆர்.கே. பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று ஆந்திர எல்லை வரையிலும் உள்ள நெசவூர்களில், முன்கட்டில் தறியும் பின்கட்டில் அடுப்பும் உள்ள வீடுகள் பல. தறிக்கும் அடுப்பிற்கும் இடையே ஒரு சுவர். சில வீடுகளில் அதுவும் இல்லை. விருந்தினர் வந்தால் தறியை நிறுத்திவிட்டுப் பேசுகிறோம். அவர் எழுந்து போகுமுன்னரே அறுந்த இழையைத் தேடுகிறோம். பிள்ளைகள் தறியின் ஓசையிலேயே பாடம் படித்து, அவ்வோசையிலேயே உறங்கியும் விடுகின்றனர்.

அலுவலகத்திற்கோ ஆலைக்கோ செல்பவருக்கு வேலை எப்பொழுது முடிந்தது என்பதைப் பிறர் அறிவிக்கின்றனர். சங்கு ஊதுகிறது, மணி அடிக்கிறது, கதவு சாத்தப்படுகிறது. வீட்டில் தறி வைத்திருப்பவருக்கு அவ்வாறு அறிவிப்பார் ஒருவருமில்லை. அவரே தொழிலாளி, அவரே மேற்பார்வையாளர். இதனைச் சுதந்தரம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அப்பெருமை பொய்யன்று, ஆயினும் அச்சுதந்தரம் எத்தனை மணி நேரம் நீள்கின்றது என்பதையும், அதற்கு வீட்டில் யார் விலை கொடுக்கின்றனர் என்பதையும் சற்றே கணக்குப் பார்ப்பது இம்மாத இதழில் நம் நோக்கம்.

முதலில் காரணத்தைக் காண்போம். நெசவுக் கூலி நாட்கூலியன்று, உருப்படிக் கூலி. பாவும் நூலும் வாங்கி வந்து, நெய்து கொடுத்த அளவிற்குக் கூலி பெறுகிறோம். இம்முறையில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் அதற்கும் காசு உண்டு என்ற எண்ணம் எப்பொழுதும் உள்ளத்தில் இருந்துகொண்டேயிருக்கும். உணவு உண்ணும்போதும், கோயிலுக்குச் செல்லும்போதும், மகனோடு பேசும்போதும், ‘இந்நேரத்தில் இரண்டு முழம் ஓடியிருக்குமே’ என்று மனம் கணக்கிடும். ஓய்வு என்பது நட்டம் போலத் தோன்றும். இது நெசவாளரின் பேராசையால் விளைவதன்று. கூலி முறையே அவ்வாறு அமைந்திருக்கிறது.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குக் கூலி 700 ரூபாய் வருகின்றது என்று கொள்வோம். கணவர் 12 மணி நேரம் தறியில் இருக்கிறார். அத்தொகையை 12 ஆல் வகுத்து, மணிக்கு 58 ரூபாய்க்குச் சற்று மேல் கிடைப்பதாக அவர் எண்ணுகிறார். ஆனால் தார் சுற்றியது யார்? அறுந்த பாவைப் பிணைத்தது யார்? அவர் உணவருந்தச் சென்றபோது தறியைப் பார்த்துக்கொண்டது யார்? மனைவி 6 மணி நேரமும், பள்ளியிலிருந்து வந்த பெண் ஒன்றரை மணி நேரமும் உழைத்திருந்தால், மொத்த உழைப்பு 19½ மணி ஆகின்றது. அப்பொழுது மணிக்குக் கூலி 36 ரூபாய்க்கும் குறைவு. கூலி பேசும் இடத்தில் இந்த 7½ மணி நேரத்தை ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை. வீட்டு வேலையோடு வேலையாக அது கரைந்துவிடுகின்றது. எல்லை இல்லாமையால் வரும் முதல் இழப்பு களைப்பு என்று பலர் எண்ணுகின்றனர். நம் கருத்தில், உழைப்பு கணக்கிலிருந்தே மறைந்துபோவதுதான் முதல் இழப்பு.

இதனை நாடு தழுவிய கணக்கும் காட்டுகின்றது. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, கைத்தறித் தொழிலில் ஈடுபட்டோர் 35 இலட்சத்திற்கு மேற்பட்டவர். அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்டிர். மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வோ, ஊதியமின்றி வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், அவ்வேலையில் கைகொடுக்கும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர் என்கிறது. ஏறக்குறைய 5 மணி நேர வீட்டு வேலையின் மேல் தார் சுற்றும் வேலையும் ஏறினால், அப்பெண்ணுக்கு நாளில் மிஞ்சுவது யாது? தறி நின்ற பிறகு ஆண்மகன் திண்ணையில் அமர்கிறார். அவள் பாத்திரம் துலக்கச் செல்கிறாள். ஆகவே தறிவேலைக்கு மட்டும் எல்லை வகுத்தால் வீட்டில் பாதிப் பேருக்கே ஓய்வு கிடைக்கும்.

வேலை நேரத்திற்கு வரம்பு வேண்டும் என்ற போராட்டத்தில் நெசவுத் தொழிலாளர் பின்தங்கியவர் அல்லர். உண்மையில் முன் நின்றவர்கள். கூட்டுறவு இயக்கத்தார் தம் முன்னோடியாகப் போற்றும் இராபர்ட் ஓவன் ஒரு பஞ்சாலையின் நிர்வாகி. 8 மணி வேலை, 8 மணி பொழுதுபோக்கு, 8 மணி உறக்கம் என்று நாளை மூன்றாக வகுக்கும் கருத்தை 1817ஆம் ஆண்டிலேயே அவர் எடுத்துரைத்தார். நம் சென்னையில் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன முதற் குறைகளுள் ஒன்று, நண்பகலில் உண்பதற்கு விடப்பட்ட இடைவேளை போதவில்லை என்பதாகும். வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் அச்சங்கத்தில் தொண்டாற்றினர். சோறு உண்பதற்குச் சில நிமிடங்கள் என்ற கோரிக்கை இன்று சிறியதாகத் தோன்றலாம். நம் வீடுகளில் எத்தனை பேர் தறியை நிறுத்திவிட்டு முழுதாக உட்கார்ந்து உண்கின்றனர் என்று கேட்டால் அதன் பெருமை விளங்கும். புதுச்சேரியில் 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். அப்போராட்டத்தின் பயனாக 1937இல் அங்கே 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆசியாவிலேயே முதலாவது என்று அதனைக் குறிப்பிடுவர்.

இவ்வளவும் ஆலைக்கு வெளியே நிற்கும் தறியைத் தொடவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி, நாளுக்கு 9 மணி என்று வரம்பு கட்டிற்று. ஆனால் விசையைக் கொண்டு 10 பேராவது வேலை செய்யும் இடத்தையே அது பொதுவாகத் தொழிற்சாலை என்றது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள தொகுப்புச் சட்டத்தில் அவ்வெண் 20 ஆக உயர்ந்திருக்கிறது. கணவனும் மனைவியும் இரண்டு தறிகளுமாக இருக்கும் வீடு எச்சட்டத்தின் கண்ணிலும் தொழிற்சாலை ஆகாது. 2023 ஏப்ரலில் 12 மணி வேலைக்கு இடமளிக்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பையும், அது திரும்பப் பெறப்பட்டதாக மே நாளன்று முதலமைச்சர் அறிவித்ததையும் அங்கத்தினர்கள் அறிவர். ஆலைத் தொழிலாளருக்கு 12 மணி கூடாது என்று நாமும் பேசினோம். பேசிவிட்டு வீட்டிற்கு வந்து 13ஆவது மணியைத் தொடங்கினோம் என்றால் அது வேடிக்கைதான்.

வீட்டிற்கும் தறிக்கும் இடையே அரசு தெளிவாகக் கோடு கிழித்திருப்பது ஓரிடத்தில் மட்டுமே. அஃது மின்சார அளவி. வீட்டு இணைப்பு வேறு, விசைத்தறி இணைப்பு வேறு. இரண்டு மாதங்களுக்கு வீட்டிற்கு 100 யூனிட் இலவசம். விசைத்தறிக்கு 2023ஆம் ஆண்டில் அது 750இலிருந்து 1000 யூனிட்டாகவும், கைத்தறிக்கு 200இலிருந்து 300 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டது. தறிக்குரிய மின்சாரத்தில் மாவரைக்கக் கூடாது என்பதை நாம் நன்கு அறிவோம். தறிக்குரிய நேரத்தையும் வீட்டிற்குரிய நேரத்தையும் அவ்வாறு தனித்தனி அளவியில் வைக்க நாம் ஏனோ முயல்வதில்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். அமாவாசையன்று தறியில் இறங்குவதில்லை என்ற வழக்கம் நெசவூர்கள் பலவற்றில் இருந்தது. உழவரும் அன்று ஏர் பூட்டுவதில்லை. ஆயுத பூசையன்று நாடாவும் அச்சும் படைக்கப்பட்டு, மறுபூசை வரையில் கையாளப்படாமல் இருந்தன. மாட்டுப் பொங்கலன்று எருதின் கழுத்தில் நுகம் ஏறாது. இவற்றைச் சமயச் சடங்கு என்று மட்டும் கருதுவது குறைப்பார்வை. ஊர் முழுவதும் ஒரே நாளில் நிறுத்தினால் ஒருவர் நெய்து மற்றவர் நட்டப்படும் அச்சம் இல்லை என்பதே இவ்வழக்கத்தின் நுட்பம். ஒருவர் தனியாக ஓய்வெடுப்பது கடினம். தெருவே ஓய்ந்தால் எளிது.

குழித்தறிக்கு இன்னொரு காப்பும் இருந்தது. மிதிக்கும் காலும் நாடா வீசும் கையும் களைத்துப்போகும். மாலை மங்கினால் நுண்ணிய இழை கண்ணுக்குப் புலப்படாது. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவதாயின், வெயிலேறு முன்னர் விடியற்காலையிலேயே அதனை முடிக்க வேண்டும்; மழை பெய்தால் அன்று அவ்வேலையே இல்லை. உடலும் ஒளியும் வானமும் சேர்ந்து நெசவாளரை நிறுத்தி வைத்தன. விசைத்தறி வந்தது, மின்விளக்கு வந்தது, ஆலையிலே கஞ்சி போட்ட பாவு வந்தது. மோட்டாருக்குக் களைப்பு இல்லை. அதனோடு மனிதன் போட்டியிட இயலாது என்பது தெரிந்தும், அது ஓடும் வரையில் நாமும் அருகே நிற்கிறோம். பழைய எல்லைகள் யாராலும் வேண்டுமென்று அழிக்கப்படவில்லை. இயந்திரத்தின் இயல்பினாலேயே அவை கலைந்துபோயின. ஆகவே அவற்றின் இடத்தில் இனி நாமே எண்ணி வகுத்த எல்லைகள் வேண்டும்.

உடல் நலத்தைப் பற்றிச் சில சொற்கள். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்திற்கு 35 முதல் 40 மணி வரை உழைப்போரைக் காட்டிலும், 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், மாரடைப்பு முதலிய இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம். நாளுக்கு 12 மணி வீதம் 6 நாள் நெய்பவருக்கு வாரம் 72 மணி ஆகின்றது என்பதை இங்கே நினைவூட்டினால் போதும். காதைப் பற்றியும் கூறவேண்டும். விசைத்தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான காலத்தை இரவு என்று வகுத்து, குடியிருப்புப் பகுதிக்கு அந்நேரத்தில் 45 டெசிபலை வரம்பாக வைத்துள்ளன. தறிக்குப் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தைக்கு இவ்விதியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெரியவர்கள் உரக்கப் பேசுவதையும் தொலைக்காட்சியை ஓங்கி வைப்பதையும் பழக்கம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். பல வீடுகளில் அது செவி மந்தத்தின் தொடக்கமே.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 14 வயதுக்குட்பட்டோர் தம் குடும்பத் தொழிலில் உதவலாம். ஆனால் பள்ளி நேரத்திற்குப் பின்னரோ விடுமுறையிலோதான். இவ்விலக்கு நல்லதா தீயதா என்று அறிஞர்களிடையே வாதம் நிகழ்ந்தது. எழுத்தின்படி பார்த்தால் மாலை முழுவதும் தார் சுற்றச் சொன்னாலும் பள்ளி நேரம் தப்பித்துக்கொள்ளும். பாடம் படிக்கும் நேரம் தப்புமா? கைத்தொழிலைப் பழக்குவது வேறு, கூலியைக் கூட்டப் பிள்ளையின் மாலைப்பொழுதை எடுத்துக்கொள்வது வேறு என்பது நம் துணிபு. அரை மணி நேரம் பக்கத்தில் நின்று இழை பிணைக்கக் கற்பதைக் குறை கூறமாட்டோம். அதற்கு மேற்பட்டதைக் கூலி வேலை என்றே கொள்ளவேண்டும்.

இனி, அண்மைக்காலத்தில் புகுந்த ஒரு தொல்லை. முன்பெல்லாம் நூல் கொடுத்தவர் தம் ஆளை அனுப்புவார், அல்லது சந்தை நாளில் கேட்பார். இப்பொழுது இரவு 10 மணிக்குக் கைபேசியில் வாட்ஸப் செய்தி வருகின்றது: ‘பாவு எவ்வளவு ஓடிற்று? படம் எடுத்து அனுப்பவும்.’ பதில் எழுதாவிட்டால் அடுத்த பாவு கிடைக்குமோ என்ற அச்சம். இது நம்மைப் போன்றோருக்கு மட்டும் நேர்ந்ததன்று. வேலை நேரத்திற்குப் பின் அலுவலகச் செய்திகளிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்சு நாடு 2017 முதல் சட்டத்தில் வைத்திருக்கிறது. போர்த்துகல்லும் ஆஸ்திரேலியாவும் பின்னர் அவ்வழியில் சட்டம் செய்தன. அந்நாட்டுச் சட்டம் நம் தெருவிற்கு வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டுவதில்லை. வியாபாரிக்கு உத்தரவிட நம்மால் இயலாது எனினும், சங்கம் தன் செயலை மாற்றிக்கொள்ளலாமே. மாலை 7 மணிக்கு மேல் சங்கத்திலிருந்து அங்கத்தினர்க்குச் செய்தி போகலாகாது என்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்கள், ‘எங்களுக்கு இவையெல்லாம் பொருந்துமா?’ என்று கேட்கக்கூடும். பொருந்தும், ஆனால் வேறு வகையில். பசுவிற்கு அமாவாசை இல்லை. காலையும் மாலையும் பால் கறந்தாக வேண்டும். திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்தால் அன்றே ஆள் பிடிக்க வேண்டும். மும்முனை மின்சாரம் இரவில் சில மணி நேரமே வந்த ஆண்டுகளில், நள்ளிரவில் எழுந்து டார்ச்சு விளக்குடன் மோட்டார் கொட்டகைக்கு நடந்தவர்களும், அந்நடையில் பாம்புக்கு அஞ்சியவர்களும் நம்மிடையே பலர். இப்பொழுது கைபேசியாலேயே மோட்டாரை ஓட்டும் கருவி வந்திருக்கிறது. நடை மிச்சம், ஆனால் கைபேசி தலையணைக்கடியில் வந்து படுத்துக்கொண்டது.

உழவருக்குத் தறிக்காரரைப் போல ‘இத்தனை மணிக்கு நிறுத்து’ என்று சொல்ல இயலாது. அவருக்குரிய எல்லை முறைவைப்பு. நம் வடமாவட்டங்களின் ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி என்றும் கம்புகட்டி என்றும் ஒருவர் இருந்ததைப் பெரியோர் அறிவர். மடையைத் திறப்பதும் அடைப்பதும், இன்னார் கழனிக்கு இத்தனை நேரம் என்று பாய்ச்சுவதும் அவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். ஒருவர் விழித்திருக்க, ஊர் உறங்கிற்று. இவ்வேற்பாட்டை நாம் நீர்ப்பங்கீட்டிற்காக மட்டும் புகழ்கிறோம். அது உறக்கப் பங்கீடும் ஆகும். இரண்டு மாடு வைத்திருக்கும் நான்கு வீட்டார் சேர்ந்தால், வாரத்தில் ஒரு மாலை ஒருவர் மற்றவருடைய பாலையும் சங்கத்தில் ஊற்றி வரலாம். கூட்டுறவு என்பதைக் கடன் கொடுக்கல் வாங்கலோடு நிறுத்திக்கொண்டோம். 1904இல் நாட்டின் முதல் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் நம் மாவட்டத்துத் திரூரிலேதான் தோன்றியது. அன்று பங்கிட்டுக்கொண்டது பணத்தின் சுமையை. நேரத்தின் சுமையையும் அவ்வாறே பங்கிட முடியும்.

‘கடன் தலைக்கு மேல் நிற்கும்போது தறியை நிறுத்தச் சொல்வது எளிது’ என்ற மறுப்பை நாம் எதிர்பார்க்கிறோம். அம்மறுப்பில் நியாயமுண்டு. முன்பணம் வாங்கியவர் தம் நேரத்தையும் சேர்த்தே அடகு வைத்தவராகிறார். அவரிடம் ஓய்வைப் பற்றி உபதேசம் செய்வது பசித்தவனிடம் உண்ணாநோன்பின் மேன்மையைக் கூறுவது போலாகும். பொங்கல் வேட்டி சேலைத் திட்டம் 1983இல் தொடங்கியது முதல், அதற்கான நெசவு வரும் மாதங்களில் தறி கூடுதலாக ஓடுவதும் இயற்கையே. அப்பருவத்தில் 10 மணி 12 ஆனால் ஆகட்டும். பொங்கல் முடிந்த பின்னும் 12 ஆகவே நின்றுவிடுகின்றதா என்பதே கேள்வி. மேலும், இரவு 9 மணிக்கு மேல் நெய்த துணியைத் தனியே மடித்து வைத்து ஒரு மாதம் பார்க்கும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். களைத்த கண்ணுக்கு இழை அறுந்தது தெரியாது. தெரியுமுன் ஒரு சாண் ஓடிவிடும். பழுது என்று பிடித்துக்கொள்ளப்படும் கூலியை அந்த நேரத்துக் கூலியிலிருந்து கழித்தால் மிச்சம் எவ்வளவு என்பதை அவரவரே கண்டுகொள்ளலாம்.

இடம் உள்ளவர்கள் தறிக்கும் படுக்கைக்கும் நடுவே சுவர் எழுப்புவது முதல் வேலை. இடமில்லாதவர்களுக்கு நேரமே சுவர். நாளின் தொடக்கத்தை விட முடிவைக் குறித்து வைப்பது பயன் தரும். ஏனெனில் காலையில் தாமதமானால் இரவில் ஈடுகட்டலாம் என்ற நினைப்பே எல்லாவற்றையும் நீட்டுகின்றது. 8 மணி என்று வைத்தால், பாவில் இன்னும் ஒரு முழம் இருப்பினும் 8 மணிதான். பிறகு தார் இராட்டையும் நிற்கவேண்டும். தறி நின்ற வீட்டில் இராட்டை சுற்றினால் வேலை கை மாறியதேயன்றி முடியவில்லை.

சங்கம் செய்யக்கூடியவற்றுள் இரண்டை அடுத்த பொதுக்குழுவின் முன் வைக்க எண்ணுகிறோம். துணி பெறுவதும் நூல் தருவதும் இப்பொழுது யார் எப்பொழுது வந்தாலும் நடைபெறுகின்றன. அவற்றை வாரத்தில் குறித்த நாட்களில், காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை என்று வரையறுத்தால், நள்ளிரவு வரை நெய்து விடியற்காலையில் ஒப்படைக்கும் அவசரம் பெரிதும் குறையும். மற்றொன்று, கூலிச்சீட்டில் தார் சுற்றும் கூலிக்குத் தனியே ஒரு பத்தி. தொகை உடனே உயராவிட்டாலும், அவ்வேலை செய்தவர் பெயரில் எழுதப்படட்டும். பெண் அங்கத்தினர்கள் சேர்வதற்கும் அது வழியாகும். இது குறித்துத் தம் வீட்டில் ஒரு வாரத்தில் யார் யார் எத்தனை மணி நேரம் எவ்வேலை செய்தனர் என்பதை எழுதி, பொதுக்குழு கூடும் முன் அலுவலகத்தில் சேர்ப்பிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெயர் எழுத வேண்டுவதில்லை. வீட்டில் எத்தனை தறி, எத்தனை பேர் என்பது இருந்தால் போதும். குறிப்பை வீட்டுப் பெண்டிரே எழுதினால் கணக்கு சரியாக இருக்கும்.